இது எந்த டிஸ்க்?

லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி (sda, sdb, sdc) என்று வரும் பெயர்களை நம்பி எதையும் செய்யக்கூடாது என்பது பழைய சங்கதி. பந்தியில் முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு முதல் இலை, அவ்வளவுதான். லினக்ஸின் மையமான கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் பார்க்கிறதோ அது எஸ்டிஏ. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் சுழன்று வேகம் பிடிக்க இரண்டு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டாலோ, பென் டிரைவ் செருகியபடியே கணினியைப் போட்டாலோ, கார்டு ரீடரில் இருக்கும் காலி ஓட்டைகள் ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்துக்கொண்டாலோ வரிசை மாறிவிடும். 2007இல் ஃபெடோரா 7 வந்தபோது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க்குகள் எல்லாம் எச்டிஏவிலிருந்து எஸ்டிஏவுக்கு ஒரே அப்டேட்டில் பெயர் மாறின, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அதற்கு முன்பே, 2003வாக்கில் கெர்னல் நிரலாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ் நிரலை எழுத ஆரம்பித்ததே இந்த மாதிரித் தலைவலிகளுக்காகத்தான்.

யுடெவ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத பெயர்கள் சிலவற்றை உருவாக்கித் தருகிறது. டெவ் ஃபோல்டருக்குள் டிஸ்க் என்றொரு ஃபோல்டர், அதற்குள் பை-ஐடி (சாதனம் சொல்லும் அடையாளம்), பை-யூயூஐடி (ஃபார்மேட் செய்யும்போது எழுதும் எண்), பை-லேபிள் (நாம் வைக்கும் பெயர்), பை-பாத் (செருகிய இடம்) என்று தனித்தனி ஃபோல்டர்கள். இணையத்தில் யாரைக் கேட்டாலும் "எஸ்டிஏ போடாதே, பை-ஐடி போடு, அதில் சீரியல் நம்பர் இருக்கிறது, அது மாறவே மாறாது" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த சீரியல் நம்பர் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கல்யாண ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் மேசையில் இரண்டு டிஸ்க் செருகும் யுஎஸ்பி டாக் ஒன்று இருக்கிறது, பெயர் தெரியாத தயாரிப்பு. அதில் ஒரே மாடல் 4 டெராபைட் டிஸ்க் இரண்டு. இடதில் அசல், வலதில் நகல். ராத்திரி கடையை மூடும்போது ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் ஒன்று அசலில் இருப்பதை நகலுக்குக் கொண்டுபோகும், அசலில் இல்லாததை நகலில் அழித்துவிடும். அதை எழுதிக் கொடுத்தவர் விவரமானவர்தான், எஸ்டிபி, எஸ்டிசி என்றெல்லாம் போடவில்லை, ஒழுங்காக பை-ஐடி பெயர்தான் போட்டிருந்தார். ஒருநாள் தூசி தட்டுவதற்காக இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்திருக்கிறார்கள், திரும்பச் செருகும்போது இடம் மாறிவிட்டது. அன்றைக்கு ராத்திரி போன். "அண்ணே, சோதனை ஓட்டத்துல ஆயிரக்கணக்குல ஃபைல் அழியப்போகுதுன்னு காட்டுது, அதுவும் இன்னைக்கு இறக்கின போன வாரக் கல்யாணம் பூரா. எண்டர் தட்டவா வேணாமா?"

தட்டாதே என்றேன். நல்லவேளை, ஸ்கிரிப்ட் முதலில் சோதனை ஓட்டம் ஓடி, என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் காட்டிவிட்டுத்தான் அனுமதி கேட்கும்படி இருந்தது.

போய்ப் பார்த்தால் விஷயம் இதுதான். அந்த டாக்கில் எந்த டிஸ்க்கைச் செருகினாலும் கணினிக்குத் தெரியும் சீரியல் நம்பர் 0123456789 என்று தொடங்கும் ஒரே வரிசை. டிஸ்க்கின் நம்பர் இல்லை அது. யுஎஸ்பிக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மொழிபெயர்க்க டாக்குக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப்பில், ஆலையில் சொந்த நம்பர் எழுதாமலே விட்டதால் தங்கிப்போன ஒப்புக்கு ஒரு நம்பர். இடது ஓட்டைக்கு அதன் கடைசியில் 0:0, வலதுக்கு 0:1. ஆக பை-ஐடி பெயரைப் பார்த்தால் நீளமாக, மாடல் பெயரும் நம்பருமாக, ரொம்ப நம்பகமாகத் தெரியும். உண்மையில் அது சொல்வது "இடது ஓட்டை", "வலது ஓட்டை" என்பதை மட்டும். டிஸ்க் எது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசமான நிலைமையும் உண்டு. இதே மாதிரி ஒற்றை டிஸ்க் பெட்டிகள் இரண்டை வாங்கி, இரண்டும் ஒரே சீரியல் நம்பர் சொன்னால், பை-ஐடி ஃபோல்டரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அது இரண்டில் எதைக் காட்டும் என்பது அன்றைய ராசிபலன்.

யுஎஸ்பி விதிமுறையில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் எரிச்சல். யுஎஸ்பி வழியாக டிஸ்க்கைப் பேசவைக்கும் பல்க்-ஒன்லி என்ற விதிமுறை 1999இல் வந்தது. சீரியல் நம்பர் குறைந்தது 12 இலக்கம் இருக்க வேண்டும், கடைசி 12 இலக்கம் அந்தத் தயாரிப்பாளரின் அந்த மாடலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறாக இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. சரி, யார் சோதிக்கிறார்கள்? ஒவ்வொரு பலகைக்கும் தனி நம்பர் எழுத ஆலையில் ஒரு படி கூடுதல், அதற்குக் காசு. விண்டோஸ் அழகாகச் சமாளித்துவிடுகிறது, நம்பர் இல்லாவிட்டால் எந்த போர்ட்டில் செருகினோம் என்பதை வைத்துத் தானே ஒரு அடையாளம் தயாரித்துக்கொள்கிறது. அப்புறம் ஆலைக்காரருக்கு என்ன கவலை.

சில பெட்டிகள் உள்ளே இருக்கும் டிஸ்க்கிடம் கேட்டு உண்மையான நம்பரையே சொல்கின்றன. ஆனால் அதிலும் ஒரு கோணல் வரும். சாதாரண டிஸ்க்குகள் கணினியோடு பேசும் மொழி ஏடிஏ. ஏடிஏ டிஸ்க்கிடம் "நீ யார்" என்று கேட்டால் 512 பைட் பதில் ஒன்று தருகிறது. அதில் சீரியல் நம்பருக்கு 20 எழுத்து இடம், மாடலுக்கு 40. இந்த எழுத்துகள் இரண்டிரண்டாக, ஒவ்வொரு ஜோடியும் இடம் மாறித்தான் உட்கார்ந்திருக்கும், படிப்பவர் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பாமல் அப்படியே அனுப்பும் சிப்கள் இருக்கின்றன. 123456 என்ற நம்பர் 214365 என்று வரும். போதாததற்கு, நம்பர் 20 எழுத்தை விடச் சிறியதாக இருந்தால் முன்னால் வெற்றிடம் போட்டு நிரப்புவார்கள். ஒற்றைப்படையில் வெற்றிடம் இருந்தால் முதல் எழுத்து ஒரு வெற்றிடத்தோடு ஜோடி சேர்ந்து இடம் மாறி, வெற்றிடம் நம்பருக்கு நடுவில் போய் நிற்கும். ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒப்பிட்டால் சுத்தமாகப் பொருந்தாது, வேறு டிஸ்க் என்றே நினைத்துவிடுவோம். பழைய விண்டோஸ் பதிப்புகள் சிலவற்றில் இதே நம்பரைப் பதினாறடிமான எண்களாக, அதுவும் ஜோடி மாறியபடியே காட்டும் வழக்கமும் இருந்தது. ஸ்டிக்கரும் திரையும் ஒத்துப்போகவில்லை என்றால் பதறுவதற்கு முன்னால் இரண்டிரண்டு எழுத்தாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

டாக்கைத் தாண்டி உள்ளே இருக்கும் டிஸ்க்கிடமே நேராகக் கேட்க வழி இருக்கிறது. யுஎஸ்பி பெட்டிகள் பேசும் ஸ்கஸி என்ற மொழியின் கட்டளைக்குள் ஏடிஏ கட்டளையைச் சுருட்டி அனுப்பும் முறை, சுருக்கமாக சாட் என்பார்கள். ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பு, படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் சாதன வகை சாட் என்று சொல்லிக் கேட்டால், டாக் அனுமதித்தால், உண்மையான மாடல், உண்மையான சீரியல், கூடவே வேர்ல்ட் வைட் நேம் என்ற 64 பிட் எண்ணும் கிடைக்கும். இந்த எண்ணை எனக்குப் பிடிக்கும். 5 என்று தொடங்கும், அடுத்த 24 பிட்டில் ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கிய குறியீடு, மிச்சம் அந்தத் தயாரிப்பாளர் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கொடுக்கும் எண். ஸ்டிக்கரிலும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். தம்பியின் டாக்கில் சாட் வேலை செய்தது, இரண்டு டிஸ்க்கும் தங்கள் பெயரைச் சரியாகவே சொல்லின. யுடெவும் இதே வழியில் கேட்டுப் பார்க்கும், பதில் வந்தால் பை-ஐடியில் யுஎஸ்பி என்று தொடங்கும் பெயருக்குப் பதில் ஏடிஏ என்று தொடங்கும் பெயர் வரும். ஆனால் எல்லா டாக்குக்கும் அது நடப்பதில்லை, இவருடையதில் நடக்கவில்லை. அதனால்தான் ஒரே டிஸ்க் ஒரு பெட்டியில் ஒரு பெயரோடும் இன்னொரு பெட்டியில் வேறு பெயரோடும் வருவதைப் பார்க்கலாம்.

சீரியல் நம்பர் மட்டுமா, அளவிலும் இந்தப் பெட்டிகள் குழப்புகின்றன. 3 டெராபைட் டிஸ்க்கைப் பழைய டாக்கில் போட்டு 746 ஜிபி என்று காட்டுவதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். டிஸ்க்கைச் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்து எண்ணுவார்கள். அந்தச் செக்டர் எண்ணுக்கு 32 பிட் மட்டும் ஒதுக்கிய சிப், 2.2 டெராபைட் தாண்டியதும் திரும்ப பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்து மிச்சத்தை மட்டும் சொல்கிறது. பழுது டிஸ்க்கில் இல்லை. ஆனால் அந்த நிலையில் அதில் எதையாவது எழுதினால் கதை கந்தல்.

இன்னொரு வகை, நிறையப் பேரை அழவைத்தது. 2 டெராபைட்டுக்கு மேல் பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில வெளி டிஸ்க் பெட்டிகள் 512 பைட் செக்டர்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டர் என்று கணினியிடம் சொல்லும். பெட்டி கெட்டுப்போய் டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டா வயரில் மாட்டினால் பார்ட்டிஷனே இல்லை என்று வரும், விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்ட்டிஷன் விவரம் ஜிபிடி என்ற அட்டவணையில் இருந்தால், அதன் தலைப்பு 1ஆம் எண் செக்டரில் இருக்கும். பெட்டிக்குள் இருந்தவரை அது டிஸ்க்கின் 4096ஆவது பைட். இப்போது கணினி 512ஆவது பைட்டில் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. தகவல் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. லினக்ஸில் லோசெட்டப் (losetup) கருவிக்கு செக்டர் அளவு 4096 என்று சொல்லி, படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தால் பார்ட்டிஷன்கள் எட்டிப் பார்க்கும். யூயூஐடி எல்லாம் எங்கே போயின என்று தேடுகிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம், டிஸ்க் எந்த செக்டர் அளவில் பேசுகிறது என்று.

யுஎஸ்பியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டிகள் நேராகத் தாய்ப்பலகையில் உட்காருபவை, நடுவில் மொழிபெயர்க்க ஆள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உலகிலேயே தனியான எண் இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. 2022இல் லினக்ஸ் கெர்னல் இந்த எண் உண்மையிலேயே தனியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்ததும் கூத்து வெளியே வந்தது. ஒரே மாடல் எஸ்எஸ்டி இரண்டு போட்ட கணினிகளில் அப்டேட் ஆனதும் ஒன்று காணாமல் போனது, இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னதால் இரண்டாவதைக் கெர்னல் சேர்க்க மறுத்துவிட்டது. அப்புறம் "இந்த மாடல் சொல்லும் எண்ணை நம்பாதே" என்று கெர்னலுக்குள்ளேயே பட்டியல் போட வேண்டியதாயிற்று, அது நீண்டுகொண்டே போனது. அந்தப் பட்டியலைப் படிப்பது தனி பொழுதுபோக்கு.

இதையெல்லாம் பார்த்த பிறகு என் முடிவு என்னவென்றால், "இது எந்த டிஸ்க்" என்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று கேள்வி. இதில் இருக்கும் தகவல் எது? இந்த இரும்பு எது? இது எந்த ஓட்டையில் இருக்கிறது? மூன்றையும் ஒரே பெயரை வைத்துக் கேட்பதால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

பேக்கப் ஸ்கிரிப்டுக்கு வேண்டியது முதல் கேள்விக்கான பதில். தம்பிக்கு அசல் என்பது அந்த இரும்புத் துண்டு இல்லை, அதில் இருக்கும் கல்யாணங்கள். நாளைக்கு டிஸ்க்கை வேறு டாக்கில் போட்டாலும், கணினிக்குள்ளேயே மாட்டினாலும் அது அசல்தான். அதற்குச் சரியான அடையாளம் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி. ஃபார்மேட் செய்யும்போது நாம் எழுதியது, டிஸ்க்கின் உள்ளே, தகவலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எந்த டாக்கும் அதை மாற்றிச் சொல்ல முடியாது. 128 பிட் எண், தற்செயலாக இரண்டு ஒன்றாக வராது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இதே நினைப்பில்தான் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தன் அடையாளத்தை நான்கு இடத்தில், தொடக்கத்தில் இரண்டும் கடைசியில் இரண்டுமாக எழுதி வைக்கிறது. டிஸ்க்குகளைக் கலைத்துப்போட்டு எந்த வரிசையில் செருகினாலும் அது தன் கூட்டத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். வன்பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட நாம் எழுதி வைத்ததைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அதை உடைக்கும் விஷயம் ஒன்றே ஒன்று, க்ளோன். இந்த இரட்டை டாக்குகளில் பெரும்பாலும் ஒரு பொத்தான் இருக்கும், கணினியே இல்லாமல் இடதை வலதுக்கு அப்படியே நகலெடுக்கும். தம்பி பிறகு ஒருநாள் வீட்டில் வைக்க மூன்றாவது டிஸ்க் ஒன்றை அந்தப் பொத்தானை அழுத்தித் தயார் செய்தார். பைட்டுக்கு பைட் அதே, ஆகவே யூயூஐடியும் அதே. அசலும் அந்த க்ளோனும் ஒன்றாகச் செருகியிருந்தால் யூயூஐடி வைத்து மவுண்ட் செய்யும்போது, அதாவது டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் இணைக்கும்போது, எது வரும் என்று சொல்ல முடியாது. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுத்துவிடும், டிஸ்க் இடத்தைப் பங்குபோடும் எல்விஎம் கத்தும், விண்டோஸ் டிஸ்க் கையொப்பம் மோதுகிறது என்று ஒன்றை ஆஃப்லைனில் தள்ளும். லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 ஒன்றும் சொல்லாது, சந்தோஷமாக மவுண்ட் ஆகும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் என்றால் இரண்டையும் ஒன்றாகச் செருகவே கூடாது, அது இரண்டையும் ஒரே டிஸ்க்காக நினைத்துக் குழம்பினால் தகவலே கெடலாம். க்ளோன் எடுத்ததும் அசலைக் கழற்றி வைத்துவிட்டு, க்ளோனில் முதலில் ஃபைல் சிஸ்டம் சோதனை ஓட்டி, ஈஎக்ஸ்டி4 என்றால் ட்யூன்2எஃப்எஸ் கருவி வைத்துப் புது யூயூஐடி போட வேண்டும். ஜிபிடி அட்டவணையில் இருக்கும் அடையாளங்களையும் எஸ்ஜிடிஸ்க் கருவி வைத்துப் புதிதாக்க வேண்டும். இதைச் செய்யாமல் க்ளோனை அலமாரியில் வைப்பது ஆறு மாதம் கழித்து வெடிக்கும் வெடி.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள். எஸ்டி கார்டை எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்துவிட்டு, கார்டையும் கழற்றாமல் பூட் செய்வார்கள். அங்கே ரூட், அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன், எது என்பதைப் பார்ட்டிஷன் அடையாளம் வைத்துச் சொல்லியிருக்கும், பழைய எம்பிஆர் அட்டவணையில் அது வெறும் 4 பைட் கையொப்பமும் பார்ட்டிஷன் எண்ணும்தான். இரண்டிலும் ஒன்றே. எஸ்எஸ்டியில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே மாதக்கணக்கில் கார்டில் ஓட்டியவர்கள் உண்டு.

கேமரா கார்டுகளுக்கு யூயூஐடி உதவாது. அவற்றில் இருப்பது 32 பிட் வால்யூம் எண், ஃபார்மேட் செய்த தேதி நேரத்திலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் கேமராவில் ஃபார்மேட் போடுவார்கள், எண் மாறிவிடும். அதனால் கார்டு இறக்கும் இடத்தில் மூன்றாவது கேள்விதான் சரி, எந்த ஓட்டை. தம்பியின் கணினியில் இரண்டு கார்டு ரீடர், இரண்டும் ஒரே மாடல், சீரியல் நம்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம். பை-பாத் பெயரை வைத்து, முன்பக்க மேல் போர்ட்டில் வருவது முதல் கேமரா, கீழ் போர்ட்டில் வருவது இரண்டாவது கேமரா என்று வைத்தாயிற்று. போர்ட்டுக்குப் பக்கத்தில் பெயின்டால் 1, 2. நடுவில் யுஎஸ்பி ஹப் ஒன்றைச் சொருகினால் பாதை மாறிவிடும் என்பதால் ஹப் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன், கேட்பாரா தெரியாது.

லேபிள் பற்றி ஒரு சின்ன விஷயம். யூயூஐடியை மனிதன் படிக்க முடியாது, அதனால் லேபிளும் வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம், பை-லேபிள் ஃபோல்டரில் தமிழில் அழகாக வரும். ஆனால் ஈஎக்ஸ்டி4இல் லேபிளுக்கு 16 பைட்தான், தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணைக்காலும் உட்பட, 3 பைட் பிடிக்கும். ஆக ஐந்து குறி. "அசல்" நான்கு குறி, 12 பைட், உட்காரும். "நகல்" உட்காரும். "திருமணம்" எட்டு குறி, 24 பைட், உட்காராது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் 12 பைட்தான், அசலும் நகலும் அங்கேயும் சொல்லிவைத்தாற்போல் சரியாகப் பொருந்தும். கண்ணுக்கு லேபிள், ஸ்கிரிப்டுக்கு யூயூஐடி என்று பிரித்துக்கொண்டேன், ஏனென்றால் லேபிளை யார் வேண்டுமானாலும் மாற்றுவார்கள், இரண்டு டிஸ்க்குக்கு ஒரே லேபிளும் வைப்பார்கள்.

அப்புறம் ஸ்டுடியோவில் செய்த மற்ற வேலைகள். எஃப்எஸ்டேப்பில் இரண்டுக்கும் யூயூஐடி, கூடவே நோஃபெயில் என்ற விருப்பம். அது இல்லாவிட்டால் டாக் அணைந்திருக்கும் நாளில் கணினி 90 நொடி காத்துக் கிடந்து, பிறகு அவசர நிலைக்குப் போய் நிற்கும், தம்பி மறுபடி போன் செய்வார். ஆனால் நோஃபெயில் போட்டால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. டிஸ்க் வராவிட்டாலும் மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் இருக்கும், காலியாக. ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதினால் எல்லாம் கணினியின் சொந்த எஸ்எஸ்டியில் போய் நிரம்பும். காலி ஃபோல்டர் அசல் பக்கம் என்றால் இன்னும் கொடுமை, காலியை நகலெடுத்து நகலைக் காலி செய்துவிடும். அதனால் மவுண்ட் ஆகாத நிலையில் அந்த ஃபோல்டர்களைச் சேட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாக்கி வைத்தேன், எதையும் எழுத முடியாது. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது இரண்டு பக்கமும் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா, யூயூஐடி எதிர்பார்த்ததுதானா, டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டரில் நான் வைத்த சின்னக் குறிப்புக் கோப்பில் "அசல்" என்றும் "நகல்" என்றும் இருக்கிறதா என்று பார்க்கும், ஒன்று தப்பினாலும் நின்றுவிடும். குறிப்புக் கோப்பு எதற்கு, யூயூஐடி போதாதா என்று கேட்கலாம். க்ளோன் பொத்தானுக்காகத்தான், க்ளோனில் யூயூஐடியைப் புதிதாக்கும்போது அந்தக் கோப்பையும் "வீடு" என்று மாற்றிவிடுவேன். ஆர்சிங்க் அந்தக் கோப்பைத் தொடக்கூடாது என்று விலக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே நகலும் "அசல்" ஆகிவிடும்.

அழிக்கும் வேலைக்கு, அதாவது ஃபார்மேட், டிஸ்க்கில் கேள்வி கேட்காமல் நேராக எழுதும் டிடி கட்டளை, பழைய டிஸ்க்கை மாற்றுவது போன்றவற்றுக்கு, இரண்டாவது கேள்வி, எந்த இரும்பு. இங்கே யூயூஐடியை நம்பக்கூடாது, சீரியல் நம்பரும் வேர்ல்ட் வைட் நேமும் ஸ்டிக்கரோடு பொருந்த வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். இரண்டு அடையாளமாவது ஒத்துப்போகாமல் டிடிக்குக் கை போகக்கூடாது. முடிந்தால் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது, கழற்றி வைத்த டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது. ஆறு டிஸ்க் உள்ள பெட்டியில் ஒன்று போய்விட்டது, எது என்று தெரியவில்லை என்றால் டிஸ்க்கைத் தொடர்ந்து படிக்கும்படி ஒரு கட்டளை கொடுத்துவிட்டு எந்த விளக்கு மினுக்குகிறது என்று பார்ப்பது பழைய வித்தை. செத்த டிஸ்க் மினுக்காதே என்றால், நல்ல ஐந்தையும் மினுக்க வைத்துவிட்டு மினுக்காததை எடுங்கள். அதைவிட நல்லது, டிஸ்க்கை மாட்டும் அன்றைக்கே தட்டின் முன்பக்கம் சீரியலின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வைப்பது. மாட்டிய பிறகு ஸ்டிக்கர் உள்ளே போய்விடும், டிஸ்க் செத்த அன்று அதைப் பார்க்க ஆறையும் உருவ வேண்டியிருக்கும்.

புது டாக் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்கோ வேறெங்கோ போகிறவர்கள், லேப்டாப்பையும் உங்கள் டிஸ்க் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பில் போடும் முன் இரண்டையும் செருகி எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல், செக்டர் அளவு மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். இடம் மாற்றிச் செருகி மறுபடி பாருங்கள். நம்பர் டிஸ்க்கோடு போகிறதா, ஓட்டையோடு நிற்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓட்டையோடு நின்றாலும் வாங்கக்கூடாது என்றில்லை, பாதி விலைக்குத் தருவார்கள் என்றால் நானே வாங்குவேன், யூயூஐடி இருக்கிறதே. ஆனால் 512 பைட் டிஸ்க்கை 4096 என்று சொல்கிறதா, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.